பெரிய பென் டிரைவை இயங்குதள நிறுவலுக்கு ஃபார்மட் செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவின் ரங்கூன், பெகு, மோல்மேன் போன்ற ஊர்களில் கோயில் மண்டபங்களில் நடக்கும் தமிழ் வகுப்புகளுக்கும், நம்மவர்களின் சிறு கடைகளுக்கும், பழைய கணினிகளைச் சீர்செய்து கொடுக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். விண்டோஸையோ லினக்ஸையோ நிறுவுவதற்குப் பென் டிரைவைத் தயார் செய்யும்போது அவர்களுக்கு எழும் கேள்விகளும், அவற்றுக்கு என் அனுபவத்தில் சரிப்பட்ட விடைகளும் இங்கே தரப்படுகின்றன. 8 ஜிபி, 16 ஜிபி பென் டிரைவ்கள் மட்டுமே கிடைத்த காலத்தில் இந்தச் சிக்கல்களில் பாதி எழவே இல்லை. 64, 128, 256 ஜிபி அளவுகள் கைக்கு வந்த பிறகுதான் “ஃபார்மட் ஆகவில்லை”, “பூட் ஆகவில்லை” (அதாவது பென் டிரைவிலிருந்து கணினி எழவில்லை) என்ற இரண்டு புகார்களும் ஓயாமல் வருகின்றன. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

கேள்வி: என் 64 ஜிபி பென் டிரைவை விண்டோஸில் வலச்சொடுக்கி ஃபார்மட் செய்யப் போனால் ஃபேட்32 என்ற தெரிவே வருவதில்லை. பென் டிரைவ் பழுதா?

பழுதில்லை. விண்டோஸின் ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேற்பட்ட பகுதியை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்ய மறுப்பது அந்தப் பெட்டிக்கு வைக்கப்பட்ட கட்டுப்பாடே தவிர, கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபேட்32 முறையின் இயல்பான எல்லை அன்று. 1996-இல் விண்டோஸ் 95-இன் இரண்டாம் வெளியீட்டோடு வந்த ஃபேட்32, வழக்கமான 512 பைட் செக்டார் கொண்ட வட்டில் 2 டிபி (டெராபைட்) வரை இடம் கொள்ளும். ஃபார்மட் பெட்டியை எழுதிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் டேவ் பிளம்மர், 32 ஜிபி என்ற எல்லையைத் தாமே அன்றைய நிலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்ததாகப் பின்னாளில் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். 2024 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 11 சோதனைப் பதிப்பு ஒன்றில், கட்டளை வரி வழியாக ஃபார்மட் செய்யும்போது மட்டும் இந்த எல்லை 2 டிபி ஆக உயர்த்தப்பட்டது.

கடையில் 32 ஜிபி என்று விற்கும் பென் டிரைவில் ஏன் இந்தத் தடை வருவதில்லை என்றும் சிலர் கேட்பதுண்டு. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,073,741,824 பைட்டாகக் கணக்கிடுகிறது. ஆகவே 32 ஜிபி என்பது திரையில் 29.8 ஆகவும், 64 ஜிபி 59.6 ஆகவும், 128 ஜிபி 119 ஆகவும் தெரியும். முதலாவது எல்லைக்குள் அடங்கிவிடுகிறது, மற்றவை தாண்டிவிடுகின்றன. “கடைக்காரர் 4 ஜிபி குறைத்துக் கொடுத்துவிட்டார்” என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

கேள்வி: ஃபேட்32 பழைய முறைதானே? என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்துவிட்டு வேலையைப் பார்த்தால் என்ன?

முழு விஷயத்துக்கும் திறவுகோல் இந்தக் கேள்விதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பென் டிரைவில் படம், பாட்டு, ஆவணம் வைத்துக்கொள்ளும்போது அதைப் படிப்பது இயங்குதளம். இயங்குதளத்துக்கு என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் எல்லாம் தெரியும். ஆனால் இயங்குதளத்தையே நிறுவப் போகும்போது அந்தக் கணினியில் இயங்குதளம் இன்னும் எழுந்திருக்கவில்லை. பென் டிரைவை முதலில் படிப்பது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் சிறிய மென்பொருள். அண்மைக்காலக் கணினிகளில் அது யூஇஎஃப்ஐ, பழையவற்றில் பயாஸ். யூஇஎஃப்ஐ வரையறை கட்டாயமாகக் கேட்பது ஃபேட் வகைக் கோப்பமைப்பை மட்டும்தான். சில தயாரிப்பாளர்கள் என்டிஎஃப்எஸ் படிக்கும் நிரலையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், பலர் கொடுப்பதில்லை. அதனால் என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்த அதே பென் டிரைவ் உங்கள் கணினியில் பூட் ஆகி, நண்பரின் கணினியில் ‘பூட் செய்யக்கூடிய சாதனம் இல்லை’ என்ற செய்தியைக் காட்டக்கூடும்.

யூஇஎஃப்ஐ என்ன செய்கிறது என்றால், பென் டிரைவில் ஃபேட் பகுதி ஒன்றைத் தேடி, அதில் ‘ஈஎஃப்ஐ’ என்ற கோப்புறைக்குள் ‘பூட்’ என்ற கோப்புறையில் ‘பூட்எக்ஸ்64’ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை இயக்குகிறது. 64 பிட் கணினிகளுக்கு இந்தப் பெயர். விலை குறைந்த பழைய விண்டோஸ் டேப்லெட்டுகள் சிலவற்றில் செயலி 64 பிட்டாக இருந்தும் யூஇஎஃப்ஐ 32 பிட்டாக இருக்கும். அவை ‘பூட்ஐஏ32’ என்ற கோப்பைத் தேடும். ஆகவே ஃபார்மட் செய்யும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது, “இந்தப் பென் டிரைவை முதலில் யார் படிக்கப் போகிறார்?” என்பதுதான். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே தெளிந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் எப்போதும் ஃபேட்32 ஆகவே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம், ஒரு தடையைத் தவிர. ஃபேட்32 பகுதியில் ஒரு தனிக்கோப்பின் அளவு 4,294,967,295 பைட்டைத் தாண்டக் கூடாது. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. விண்டோஸ் நிறுவல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கிய ஐஎஸ்ஓவைத் திறந்து ‘சோர்சஸ்’ கோப்புறைக்குள் பார்த்தால் ‘இன்ஸ்டால் விம்’ என்ற ஒரு பெரிய கோப்பு இருக்கும். நிறுவப்போகும் விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அண்மைக்கால 64 பிட் ஐஎஸ்ஓக்களில் அது 4 ஜிபியைத் தாண்டிவிட்டது. மற்ற எல்லாக் கோப்புகளும் ஒழுங்காகப் படியெடுக்கப்பட்டு, இது மட்டும் “கோப்பு மிகப் பெரியது” என்று நின்றுவிடுவது இதனால்தான். பென் டிரைவில் 100 ஜிபி காலியாக இருந்தாலும் இந்தச் செய்தி வரும்.

ஒரு பக்கம் ஃபேட் மட்டும் படிக்கும் தாய்ப்பலகை. மறு பக்கம் ஃபேட்டில் அடங்காத கோப்பு. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிக்கு நான்கு வழிகள் உண்டு. அடுத்த நான்கு விடைகளில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் ‘மீடியா கிரியேஷன் டூல்’ போதாதா?

நல்ல இணைய இணைப்பும், விண்டோஸ் இயங்கும் இன்னொரு கணினியும் இருந்தால் போதும். அது ‘இன்ஸ்டால் விம்’ கோப்புக்குப் பதிலாக மேலும் இறுக்கிச் சுருக்கிய ‘இன்ஸ்டால் ஈஎஸ்டி’ கோப்பைத் தரவிறக்குவதால் 4 ஜிபி எல்லைக்குள் அடங்கி, ஃபேட்32 பென் டிரைவே கிடைக்கிறது. குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும். பெரிய பென் டிரைவைக் கொடுத்தால் அதில் 32 ஜிபி அளவுக்கு ஒரு பகுதியை மட்டும் உருவாக்கிவிட்டு மீதியை ஒதுக்கப்படாத இடமாக விட்டுவிடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நம் ஊரில் உள்ள இடைஞ்சல் வேறு. இந்தக் கருவியைப் புதிதாகத் திறந்து பென் டிரைவ் தயாரிக்கும் ஒவ்வொரு முறையும் அது தரவிறக்கத்தை முதலிலிருந்து தொடங்குகிறது. மொபைல் டேட்டாவைக் காசு கொடுத்து வாங்கி, அதுவும் மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துப் பயன்படுத்துகிற நமக்கு அது கட்டுப்படியாகாது. அதே கருவியில் “ஐஎஸ்ஓ கோப்பு” என்ற தெரிவைத் தேர்ந்து, ஒரே ஒரு முறை தரவிறக்கி, அதை நண்பர்களுக்குள் கைமாற்றிக்கொள்வதே மேல்.

கேள்வி: ரூஃபஸ் என்ற மென்பொருளைப் பலரும் சொல்கிறார்கள். அது என்ன செய்கிறது?

பீட் பட்டார்ட் என்பவர் எழுதி 2011 முதல் இலவசமாக வெளியிட்டுவரும் மென்பொருள் அது. நிறுவ வேண்டியதில்லை, ஒரே கோப்பு, சில எம்பி மட்டுமே. விண்டோஸ் ஐஎஸ்ஓ ஒன்றை மட்டும் பென் டிரைவில் ஏற்ற வேண்டும் என்றால் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஐஎஸ்ஓவுக்குள் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு இருப்பதைக் கண்டால், ரூஃபஸ் பென் டிரைவின் பெரும்பகுதியை என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்து, கடைசியில் 1 எம்பி அளவில் ஒரு சிறிய ஃபேட் பகுதியை வைக்கிறது. தாய்ப்பலகை அந்தச் சிறிய பகுதியைப் படிக்கிறது. அதற்குள் இருக்கும் நிரல் என்டிஎஃப்எஸ் படிக்கும் திறனை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, பெரிய பகுதியில் உள்ள விண்டோஸ் பூட் கோப்பை அழைக்கிறது. தாய்ப்பலகையின் நிபந்தனையும் நிறைவேறுகிறது. 4 ஜிபி தடையும் விலகுகிறது. தயாரித்து முடித்ததும் ‘யூஇஎஃப்ஐ என்டிஎஃப்எஸ்’ என்ற பெயரில் இன்னொரு சிறு டிரைவ் தென்பட்டால், அது வைரஸ் என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். அதை அழித்தால் பூட் ஆகாது.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே எழவிடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருக்கும் கணினியில் பழைய ரூஃபஸ் பதிப்பால் தயாரித்த பென் டிரைவ் மறுக்கப்படும். அந்தச் சிறு நிரலுக்கு 2021-இல் வந்த 3.17 பதிப்பிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் கிடைத்தது. யாரிடமிருந்தோ வாங்கிப் பல ஆண்டாக வைத்திருக்கும் ரூஃபஸை விட்டு, புதிய பதிப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மென்பொருளும் இல்லாமல், விண்டோஸில் உள்ளதைக் கொண்டே செய்ய முடியுமா?

முடியும். இந்த வழியை ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். மென்பொருள்கள் பின்னால் என்ன செய்கின்றன என்பது அப்போதுதான் பிடிபடும்.

128 ஜிபி பென் டிரைவ் முழுவதையும் ஃபேட்32 ஆக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். வயலின் ஒரு மூலையை மட்டும் நாற்றங்காலாக வரப்புக் கட்டி ஒதுக்குவது போல, தொடக்கத்தில் 16 ஜிபியை மட்டும் ஒரு பகுதியாகப் பிரித்தால் போதும். 32 ஜிபி எல்லை அங்கே குறுக்கிடாது.

கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து ‘டிஸ்க்பார்ட்’ என்று தட்டுங்கள். ‘லிஸ்ட் டிஸ்க்’ என்று தட்டியதும் ஒரு சிறு பட்டியல் வரும். முதல் வரியில் ‘டிஸ்க் 0’, எதிரே 476 ஜிபி; அது கணினியின் சொந்த வட்டு. அடுத்த வரியில் ‘டிஸ்க் 1’, எதிரே 119 ஜிபி அல்லது சற்றுக் குறைவாக. அதுதான் பென் டிரைவ். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுங்கள். எந்த வரி மறைகிறதோ அதுவே உங்கள் எண். மீண்டும் செருகி மூன்றாம் முறையும் பட்டியலைப் பாருங்கள். இதை மிகையான எச்சரிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்துத் தரப்போகும் ‘கிளீன்’ என்ற கட்டளை உறுதியா என்று கேட்காது. தட்டிய மறுகணமே, அந்த வட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துவைக்கும் பகுதி அட்டவணையை அழித்துவிடும். ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களும் ஒரு கடையின் கணக்கும் அந்த ஓர் எண்ணின் வேறுபாட்டில் போய்விடும்.

எண் உறுதியானதும் ‘செலக்ட் டிஸ்க் 1’, பிறகு ‘கிளீன்’. அடுத்து ‘கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி சைஸ்=16000’; இந்த எண் எம்பி கணக்கில். பிறகு ‘ஃபார்மட் எஃப்எஸ்=ஃபேட்32 குவிக்’, ‘ஆக்டிவ்’, ‘அசைன்’. இவ்வளவுதான். விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவை இருமுறை சொடுக்கினாலே ஒரு வட்டு போலத் திறந்துகொள்ளும் என்பதால், அதற்குள் இருப்பவற்றை அப்படியே பென் டிரைவுக்குப் படியெடுக்கலாம். ‘இன்ஸ்டால் விம்’ கோப்பை மட்டும் விட்டுவிட வேண்டும்.

அந்தக் கோப்பை விண்டோஸில் உள்ள ‘டிஸ்ம்’ என்ற கருவியால் துண்டாக்கலாம். அதன் ‘ஸ்பிளிட் இமேஜ்’ தெரிவுக்கு மூலக்கோப்பின் பாதையையும், பென் டிரைவின் ‘சோர்சஸ்’ கோப்புறைக்குள் ‘இன்ஸ்டால் எஸ்டபிள்யூஎம்’ என்ற புதுப் பெயரையும், ‘ஃபைல்சைஸ்’ 3800 என்ற அளவையும் கொடுத்தால், ஒவ்வொன்றும் 3800 எம்பிக்கு மிகாத துண்டுகள் உருவாகும். நிறுவும்போது விண்டோஸ் அந்தத் துண்டுகளைத் தானே தேடி ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். லினக்ஸிலோ மேக்கிலோ இருப்பவர்கள் ‘விம்லிப்’ என்ற இலவசக் கருவியால் இதே வேலையைச் செய்யலாம்.

யூஇஎஃப்ஐ கணினிக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. பயாஸ் மட்டும் உள்ள பழைய கணினிக்காகத் தயாரித்தால், ஐஎஸ்ஓவின் ‘பூட்’ கோப்புறையில் இருக்கும் ‘பூட்செக்ட்’ கருவியைக் கொண்டு தொடக்கப் பதிவையும் எழுத வேண்டும். அந்த நிலைக்கு ரூஃபஸே எளிது.

கேள்வி: ஒரே பென் டிரைவில் விண்டோஸ் 10, விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியுமா? 128 ஜிபியில் ஒரே ஒரு ஐஎஸ்ஓவை வைப்பது வீண் அல்லவா?

முடியும், பெரிய பென் டிரைவை வாங்கியதன் பலன் உண்மையில் இங்கேதான் தெரிகிறது. 2020-இல் வெளிவந்த வென்டாய் என்ற மென்பொருள் பென் டிரைவை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கிறது. முதலாவது பெரியது, சாதாரணமாக எக்ஸ்ஃபேட் ஆக இருக்கும். இரண்டாவது 32 எம்பி அளவுள்ள சிறிய ஃபேட் பகுதி. தாய்ப்பலகை படிப்பது இதை. ஒருமுறை இப்படிச் செய்துவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைப் பிரிக்காமல், முழுக்கோப்பாகவே பெரிய பகுதியில் போட்டுவைக்கலாம். பூட் செய்ததும் அவை பட்டியலாக வரும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். புதிய பதிப்பு வந்தால் பழைய ஐஎஸ்ஓவை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால் போதும். மீண்டும் ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை. ஊர் ஊராகப் போய்க் கணினி பார்ப்பவருக்கு, போகும் இடத்தில் மின்சாரம் இருக்குமா, இணையம் இருக்குமா என்று தெரியாத நிலையில், இதைவிடக் கைகொடுக்கும் ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ள கணினியில் முதல் முறை பூட் செய்யும்போது நீலத் திரை ஒன்று வந்து, வென்டாயின் சாவியைக் கணினியில் பதிவு செய்யச் சொல்லும். அது உங்கள் சொந்தக் கணினி அல்ல என்றால் உரியவரிடம் சொல்லிவிட்டே அதைச் செய்ய வேண்டும். மேலும், சில பழைய தாய்ப்பலகைகளில் வென்டாய் திறக்காமல் போவதுண்டு. எனவே பையில் பெரிய வென்டாய் பென் டிரைவ் ஒன்றோடு, சாதாரண முறையில் தயாரித்த 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் இருக்கட்டும்.

கேள்வி: லினக்ஸ் ஐஎஸ்ஓவை எழுதுவதற்கு முன் பென் டிரைவை எந்த முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும்?

எந்த முறையிலும் வேண்டாம். லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பெரும்பாலும் அப்படியே பைட்டுக்குப் பைட் எழுதத்தக்கவாறு தயாரிக்கப்படுகின்றன. ‘டிடி’ கட்டளையோ அதைப் போன்ற எழுதும் கருவியோ, ஐஎஸ்ஓவுக்குள்ளேயே இருக்கும் பகுதி அட்டவணையோடு சேர்த்து எழுதுவதால், நீங்கள் முன்பு செய்த ஃபார்மட் தடம் இல்லாமல் போய்விடும். அரைமணி நேரம் முழு ஃபார்மட் போட்டுவிட்டுப் பிறகு எழுதுபவர்கள் நேரத்தையும் மின்சாரத்தையும் வீணாக்குகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது எழுதி முடிந்த பிறகு வரும் தருணத்தை. லினக்ஸில் எழுதும்போது தரவு முதலில் நினைவகத்தில் சேர்ந்து, பிறகு மெதுவாகப் பென் டிரைவுக்குப் போகிறது. திரையில் 100 விழுக்காடு தெரிந்தபின்னும் பென் டிரைவின் சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து இன்னும் முடியவில்லை என்பதே அதன் பொருள். ‘சிங்க்’ என்று ஒரு கட்டளை கொடுத்து, அது திரும்பி வரும்வரை காத்திருந்து, பிறகு எடுங்கள். “பாதி நிறுவலில் நின்றுவிட்டது” என்று வரும் புகார்களுக்குப் பின்னால் இந்த அவசரம் அடிக்கடி இருக்கிறது.

கேள்வி: லினக்ஸ் எழுதிய பிறகு என் 64 ஜிபி பென் டிரைவை விண்டோஸ் சில எம்பியாகக் காட்டுகிறது, மீதியை ஃபார்மட் செய்யவும் விடவில்லை. பழைய அளவு திரும்புமா?

திரும்பும். விண்டோஸ் காண்பது ஐஎஸ்ஓ கொண்டுவந்த பகுதி அட்டவணையை மட்டுமே. மேலே சொன்னபடி டிஸ்க்பார்ட்டில் சரியான எண்ணைத் தேர்ந்து, ‘கிளீன்’ கொடுத்து, ‘கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி’ என்று அளவு சொல்லாமல் கொடுத்தால் முழு இடமும் ஒரே பகுதியாக வரும். அதை எக்ஸ்ஃபேட் ஆகவோ என்டிஎஃப்எஸ் ஆகவோ ஃபார்மட் செய்துகொள்ளலாம். லினக்ஸில் ‘கிளீன்’ செய்யும் வேலையை ‘வைப்எஃப்எஸ்’ கட்டளை செய்யும். அங்கேயும் ‘எல்எஸ்பிஎல்கே’ கொடுத்து அளவைப் பார்த்துச் சாதனத்தின் பெயரை உறுதி செய்த பின்னரே தொட வேண்டும்.

கேள்வி: எம்பிஆர், ஜிபிடி என்று கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

இவை பகுதி அட்டவணையின் இரண்டு வகைகள். பயாஸ் மட்டும் உள்ள கணினி என்றால் எம்பிஆர். யூஇஎஃப்ஐ என்றால் பென் டிரைவைப் பொறுத்தவரை பெரும்பாலும் இரண்டும் வேலை செய்யும். எம்பிஆர் 2 டிபிக்கு மேல் இடத்தைக் கையாளாது என்பது பென் டிரைவ் அளவுகளில் பொருட்டில்லை.

ஆனால் பலரும் குழம்புவது பென் டிரைவின் அட்டவணையில் அன்று, நிறுவப்போகும் வட்டின் அட்டவணையில். விண்டோஸ் நிறுவி யூஇஎஃப்ஐ முறையில் எழுந்திருந்தால் வட்டு ஜிபிடி ஆக இருக்க வேண்டும். பயாஸ் முறையில் எழுந்திருந்தால் எம்பிஆர் ஆக இருக்க வேண்டும். மாறியிருந்தால் “இந்த வட்டில் விண்டோஸை நிறுவ இயலாது” என்று வரும். உடனே வட்டை அழிக்கக் கை போக வேண்டாம். கணினியை மறுபடி தொடக்கி பூட் பட்டியலைத் திறந்து பாருங்கள்: ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரியும், ஒன்றின் முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. பழைய விண்டோஸ் எந்த முறையில் இருந்ததோ அந்த வரியைத் தேர்ந்தால், தரவு அழியாமலே வேலை முடிந்துவிடும் வாய்ப்பு உண்டு.

பூட் பட்டியலைத் திறக்க டெல், லெனோவோ கணினிகளில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் எஃப்2 அழுத்தி அமைப்புக்குள் போய் அதை முதலில் இயக்க வேண்டும்.

கேள்வி: நடைபாதைக் கடையில் 512 ஜிபி பென் டிரைவ் மிக மலிவாகக் கிடைத்தது. இதில் தயாரித்தால் ஒவ்வொரு முறையும் நிறுவல் நடுவில் நின்றுவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் அது போலி. உள்ளே 8 அல்லது 16 ஜிபி சில்லு இருக்கும். கட்டுப்பாட்டு நிரலை மாற்றி 512 என்று பொய்யாகக் காட்டச் செய்திருப்பார்கள். விரைவு ஃபார்மட் தொடக்கத்தில் சிறிதளவு மட்டுமே எழுதுவதால் ஃபார்மட் வெற்றி பெறும். கோப்புகளும் படியெடுக்கப்பட்டது போலவே தோன்றும். உண்மையான கொள்ளளவைத் தாண்டி எழுதியவை மட்டும் காணாமல் போயிருக்கும் அல்லது முதலில் எழுதியவற்றின் மேலேயே எழுதப்பட்டிருக்கும்.

புதிதாக வாங்கிய எந்தப் பெரிய பென் டிரைவையும், விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற கருவியாலோ லினக்ஸில் ‘எஃப்3’ என்ற கருவியாலோ சோதித்த பிறகே வேலைக்குப் பயன்படுத்துங்கள். இவை காலி இடம் முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கின்றன. பெரிய பென் டிரைவில் மணிக்கணக்காகும் என்பதால் தடையின்றி மின்சாரம் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது.

ஐஎஸ்ஓ கோப்பையும் இப்படியே சரிபார்க்க வேண்டும். பத்துக் கைகள் மாறி வந்த கோப்பு என்றால் கட்டாயம். விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’ கட்டளையின் ‘ஹேஷ்ஃபைல்’ தெரிவுக்குக் கோப்பின் பெயரையும் ‘ஷா256’ என்பதையும் கொடுத்தால் 64 எழுத்து நீளத்தில் ஒரு கோவை வரும். வெளியீட்டாளர் தரும் கோவையோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

கேள்வி: எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் பென் டிரைவ் கெட்டுவிடுமா?

பெரும்பாலும் கெடாது. எழுதப்பட்டது அரைகுறையாக நிற்கும். ‘கிளீன்’ செய்து முதலிலிருந்து எழுத வேண்டும். ‘மீதியைப் படியெடுத்துவிடலாம்’ என்று விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். கூடுமானவரை பென் டிரைவ் தயாரிப்பதை பேட்டரி நிறைந்த மடிக்கணினியில் செய்யுங்கள். மேசைக்கணினியில் நிறுவல் நடக்கும்போது மின்சாரம் போவது இதைவிடச் சிக்கலானது. ஏனெனில் அங்கே பகுதிகள் அழிக்கப்பட்டுப் புதியவை பாதியில் நிற்கும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகளைத் தாங்கிக்கொள்ள ஒரு சிறு யூபிஎஸ் இருந்தாலே போதும். தாய்ப்பலகையின் பயாஸைப் புதுப்பிப்பதை மட்டும் யூபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. அங்கே மின்சாரம் நின்றால் கணினியே எழாமல் போகலாம்.

கேள்வி: விண்டோஸ் 7 நிறுவும்போது பென் டிரைவில் பூட் ஆகிவிட்டு, பிறகு “தேவையான டிரைவர் இல்லை” என்கிறது. ஃபார்மட் தவறா?

ஃபார்மட்டில் தவறில்லை. விண்டோஸ் 7 நிறுவியில் யூஎஸ்பி 3.0-க்கான டிரைவர் கிடையாது. பூட் செய்யும்வரை தாய்ப்பலகை படித்தது. நிறுவி எழுந்தபின் அதற்குப் பென் டிரைவைச் செருகிய துறை தெரியவில்லை. உட்புறம் நீலமாக இருக்கும் துறையிலிருந்து எடுத்து, கறுப்பாக இருக்கும் யூஎஸ்பி 2.0 துறையில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை மாணவர்களுக்குக் கொடுக்கும்போது லினக்ஸ் மின்ட் போடுவதே பொறுப்பான செயல் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பென் டிரைவை இரண்டாகப் பிரித்தேன். வேறொரு கணினியில் ஒரு பகுதி மட்டும் தெரிகிறது.

அந்தக் கணினியில் இருப்பது பழைய விண்டோஸாக இருக்கும். கழற்றக்கூடிய சாதனத்தில் முதல் பகுதியை மட்டும் காட்டுவதே நெடுங்கால வழக்கம். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல்தான் எல்லாப் பகுதிகளும் தெரிகின்றன.

கேள்வி: பல பென் டிரைவ்கள் ஒன்றுபோல இருப்பதால் அடையாளத்துக்குத் தமிழில் பெயர் வைக்க விரும்புகிறோம். ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்யும்போது மறுக்கிறதே?

ஃபேட்32 பகுதியின் பெயர் 11 இடங்களுக்குள், கணினியின் பழைய எழுத்துக்குறி முறையில் எழுதப்படுவதால் தமிழ் எழுத்தையோ பர்மிய எழுத்தையோ அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் யூனிகோடில் 11 குறிகள் வரை ஏற்கும். என்டிஎஃப்எஸ் 32 வரை ஏற்கும். தமிழில் ஓர் உயிர்மெய்யே பெரும்பாலும் இரண்டு குறிகளாக எண்ணப்படும் என்பதால் எக்ஸ்ஃபேட்டில் குறுகிய பெயராக வைக்க வேண்டும். ஃபேட்32-இல் பகுதியின் பெயருக்குத்தான் இந்தத் தடை. அதற்குள் வைக்கும் கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் தாராளமாகத் தமிழில் பெயரிடலாம். ஆகவே எந்த ஐஎஸ்ஓ, எந்தத் தேதியில் எழுதியது, ஷா256 கோவை எது என்பவற்றை ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி, ‘முதலில் படிக்கவும்’ என்று பெயரிட்டு அதிலேயே போட்டுவையுங்கள். ‘டிடி’ முறையில் எழுதிய லினக்ஸ் பென் டிரைவில் அப்படிச் சேர்க்க இயலாது. அதற்கு மேலே ஒரு தாள் ஒட்டி எழுதிக்கொள்ளுங்கள்.